டீசல் பொயிலரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப்: நுவரெலியா குளிருக்குச் சரிவருமா?

நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், டீசல் பொயிலரைக் கழற்றிவிட்டு, காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீரைக் காய்ச்சும் ஹீட் பம்ப் ஒன்றைப் போடலாமே என்று சொல்லிப்பாருங்கள். "இந்தக் குளிரில காத்துல ஏதுங்க சூடு?" என்றுதான் முதலில் கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மலையகத்தில் இந்த மெஷின் காலை வாரும் இடங்களில் பெரும்பாலும் வாருவது குளிரால் அல்ல, தண்ணீர்த் தாங்கியால். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, விற்க வருபவரும் சொல்வதில்லை.

ஹீட் பம்ப் போடுவது பெரிய வேலை என்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கேஸ் லைன் போகாத கிராமங்களில் பல வீடுகளில் மண்ணெண்ணெய் பொயிலர் உண்டு, அது வீட்டையே சூடாக்குவதற்காக ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் அனுப்பும். அங்கே பொயிலரை மாற்றினால் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும், சுவருக்குக் காப்புப் போட வேண்டும் என்று ஆயிரம் வேலை வரும், அதனால்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கம் 7,500 பவுண்ட் மானியம் கொடுத்து ஆட்களை இழுக்கிறது. நோர்வே இன்னும் ஒரு படி மேலே போய், 2020 முதல் கட்டிடங்களை எண்ணெய் எரித்துச் சூடாக்குவதையே தடைசெய்துவிட்டது. அந்த நாட்டுப் பனியில் வேலை செய்கிற மெஷின் நுவரெலியாவில் செய்யாது என்று சொல்ல முடியாதல்லவா. நம்ம ஊரில் வீட்டைச் சூடாக்கும் பழக்கமே இல்லை. பழைய துரை பங்களாக்களில் கணப்பு அடுப்பு இருக்கும், தோட்டத் தொழிலாளர் லயத்தில் விறகு அடுப்புதான் எல்லாமே. டீசல் பொயிலர் இருப்பது ஹோட்டல்களிலும் பெரிய விடுதிகளிலும்தான், அதுவும் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் தண்ணீர் காய்ச்சுவதற்கு. வீட்டையே சூடாக்கும் அந்தத் தலைவலியெல்லாம் இங்கே கிடையாது.

டீசலை விட்டு ஏன் ஓட நினைக்கிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால்தான். அப்புறம் விலை இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை.

சரி, காற்றில் ஏது சூடு? ஹீட் பம்ப் என்பது ஃப்ரிட்ஜ் செய்கிற அதே வேலைதான், திசை மட்டும் வேறு. ஃப்ரிட்ஜ் உள்ளேயிருந்து சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது, இது வெளிக்காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. உள்ளே ஓடும் வாயு மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஜாதி. உதாரணமாக, இப்போது பல புது மெஷின்களில் வரும் புரோப்பேன், சாதாரண அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும். அப்படிப்பட்ட பொருளுக்கு நுவரெலியாவின் 8 பாகை விடியற்காற்று என்பது நெருப்பு மாதிரி. காற்றின் சூட்டை வாங்கி ஆவியாகும் அந்த வாயுவைக் கம்பிரசர் அழுத்தும்போது அது 60, 70 பாகைக்குப் போகிறது, அந்தச் சூடு தண்ணீருக்கு மாறுகிறது. கரண்ட் இங்கே சூட்டை உண்டாக்கவில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. அதனால்தான் ஒரு யூனிட் கரண்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணித்தியாலத்துக்கு, மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கிறது.

இந்த மூன்று என்பது மாறாத கணக்கல்ல. காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு கஷ்டம். கொழும்பில் 28 பாகைக் காற்றிலிருந்து 55 பாகைத் தண்ணீர் எடுக்கும் மெஷின் நாலுக்கு மேல் கொடுக்கும், அதே மெஷின் நுவரெலியா இரவில் 10 பாகைக் காற்றிலிருந்து எடுக்கும்போது மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தண்ணீரை 65க்கு ஏற்றச் சொன்னால் இன்னும் இறங்கும்.

இனி காசுக் கணக்கு. ஆயிரம் லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 55க்குக் கொண்டுபோக 46.5 யூனிட் சூடு வேண்டும், இதை எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் சூடு இருக்கிறது, ஆனால் பழைய பொயிலர் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம், மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடும். ஆகவே 6.2 லீற்றர் டீசல். ஹீட் பம்ப் என்றால் 15.5 யூனிட் கரண்ட். சாதாரண ஹீட்டர் கொயில் என்றால் 46.5 யூனிட்டும் கரண்டிலிருந்தே வர வேண்டும்.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாவைவிட விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: கரண்ட் யூனிட் விலை, டீசல் லீற்றர் விலையில் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இருக்கும்வரை ஓட்டுகிற செலவில் ஹீட் பம்ப்தான் ஜெயிக்கும். டீசல் 300 ரூபா என்றால் யூனிட் 120 ரூபாவுக்குப் போகும்வரை கவலையில்லை. குளிர்கால இரவுக்காக மூன்றை இரண்டரையாகக் குறைத்துக்கொண்டாலும் அந்த எல்லை 100 ரூபா. உங்கள் கரண்ட் பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள், எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூடுபனி இதற்குக் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் நேர்மாறு. ஈரக்காற்று, மெஷினில் வெளிக்காற்றின் சூட்டை வாங்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில், அதாவது கொயிலில், பட்டுத் தண்ணீராக மாறும்போது, அந்த நீராவி தன்னிடமுள்ள மறைசூட்டைக் கொயிலுக்குக் கொடுத்துவிடுகிறது, ஒரு லீற்றர் தண்ணீர் சொட்டினால் கிட்டத்தட்ட 0.7 யூனிட் சூடு கிடைத்ததாக அர்த்தம். ஜூன், ஜூலையில் நானுஓயாப் பக்கம் நாள் முழுக்கத் தூறிக்கொண்டு 14, 15 பாகையில் நிற்குமே, கூரைமேல் உள்ள சோலார் ஹீட்டர் படுத்துவிடும் அந்த நாட்களில் ஹீட் பம்ப் குஷியாக ஓடும். ஆனால் மணிக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் கீழே வழியும், அதற்கு ஒழுங்கான வடிகால் வேண்டும். இதை மறந்து சுவரோரம் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே சுவர் பாசி பிடித்துவிடும்.

தொல்லை வருவது ஜனவரி, பெப்ரவரியில். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவுகளில் தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கும் உறைபனி விழுமே, அந்த நாட்கள். காற்று 4, 5 பாகையில் இருக்கும்போதே புல்மேல் வெள்ளை பூக்கிறது, ஏனென்றால் புல் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கொயிலும் அப்படித்தான். காற்றிலிருந்து சூட்டை வாங்க வேண்டுமென்றால் அது காற்றைவிட ஆறேழு பாகையாவது குளிர்ந்திருக்க வேண்டும், அப்போது கொயில் பூச்சியத்துக்குக் கீழே போய், ஈரம் பனிக்கட்டியாகக் கொயிலின் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்கிறது. காற்றோட்டம் நின்றால் வேலை நின்றது. மெஷின் இதைத் தானே கண்டுபிடித்து, வாயு ஓடும் திசையைக் கொஞ்ச நேரம் திருப்பி, தாங்கியிலிருந்தே சூட்டைக் கடன் வாங்கிப் பனியை உருக்கும்.

முதல் தடவை பார்ப்பவருக்கு இது பயங்கரமாக இருக்கும். விடிய ஐந்து மணி, திடீரென்று ஃபேன் நிற்கிறது, உள்ளே 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், வெள்ளையாக அடைத்திருந்த தகடுகள் மேலேயிருந்து கறுத்துக்கொண்டு வருகின்றன, கீழே தண்ணீர் கொட்டுகிறது, பெட்டிக்கு மேலே குப்பென்று ஆவி எழும்புகிறது. "ஐயா, மெஷின் பத்திக்கிச்சு!" என்று வாச்சர் ஓடிவந்து முதலாளியின் கதவைத் தட்டிய கதை எங்கள் பக்கத்தில் உண்டு. ஐந்தாறு நிமிஷத்தில் ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். இப்படி இரவில் சில தடவை நடந்தால் அது கோளாறு அல்ல. அரை மணிக்கொரு தடவை நடந்தால், அல்லது அடித்தட்டில் பனிக்கட்டி உருகாமல் கட்டியாக நின்றால், வடிகாலையும் வாயு அளவையும் பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டும்.

உயரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான், ஆகவே அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொஞ்சம் குறைந்த காற்றையே தள்ளும். கொஞ்சம் பெரிய மெஷினாக எடுத்தால் போதும்.

இப்போது தாங்கிக்கு வருவோம், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பொயிலர் என்பது குறுகிய நேரத்தில் கொட்டோ கொட்டென்று சூட்டைக் கொட்டும் மெஷின். பன்னிரண்டு அறைகள், இருபத்துநாலு விருந்தாளிகள், எல்லோரும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக விடிய நாலரைக்கு ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 50 லீற்றர், 40 பாகையில். மொத்தம் 35 யூனிட் சூடு. 60 கிலோவாட் பொயிலர் இதை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடும், அதனால் பொயிலரோடு வந்த தாங்கி சின்னதாக இருந்தாலும் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பொயிலரைத் தூக்கிவிட்டு அந்தச் சின்னத் தாங்கியோடு 9 கிலோவாட் ஹீட் பம்பை இணைத்தால் என்ன ஆகும்? அதே 35 யூனிட்டுக்கு நாலு மணித்தியாலம் வேண்டும். முதல் ஆறு பேர் குளிப்பார்கள், ஏழாவது ஆள் ரிசப்ஷனுக்கு போன் எடுப்பார். மறுநாள் "ஹீட் பம்ப் நுவரெலியாவுக்குச் சரிவராது" என்று ஊரெல்லாம் பேச்சு.

இதற்குப் பதில் 60 கிலோவாட் ஹீட் பம்ப் வாங்குவது அல்ல. அது விலையிலும் ஆகாது, அதற்குரிய த்ரீ ஃபேஸ் இணைப்பும் சும்மா வராது. பதில், நாள் முழுக்க மெதுவாகச் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் பெரிய தாங்கி. அந்த இருபத்துநாலு பேருக்கு 55 பாகைத் தண்ணீர் 750 லீற்றர் இருந்தால் பச்சைத் தண்ணீர் கலந்து போதும், அப்படியென்றால் 1,000 லீற்றர்த் தாங்கி. அதோடு 9 கிலோவாட் மெஷின் ஜாலியாக ஓடும், அது இழுக்கும் கரண்ட் 3 கிலோவாட் அளவுதான்.

அறைக்கு அறை இன்ஸ்டன்ட் ஷவர் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 27 பாகை, அதை 40க்கு ஏற்ற 13 பாகை போதும், 5 கிலோவாட் ஷவர் தாராளமாக நிமிஷத்துக்கு ஐந்தரை லீற்றர் தரும். நுவரெலியாவில் ஏற்ற வேண்டியது 25 பாகை. அதே ஷவர் இங்கே நிமிஷத்துக்கு மூன்று லீற்றரைக்கூட எட்டாது, தலையில் ஊற்றினால் முதுகு குளிரும். கொழும்புக் கடையில் நன்றாக ஓடிய சாமான் மலையில் ஏன் மூத்திரம் போகிற மாதிரி வருகிறது என்று திட்டுபவர்கள் திட்ட வேண்டியது சாமானை அல்ல.

தாங்கி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே தண்ணீர் கலங்காமலும் இருக்க வேண்டும். சூடான தண்ணீர் மேலே, குளிர்ந்தது கீழே என்று அடுக்காக நின்றால்தான் குளிக்கிறவருக்கு மேலேயிருந்து 55ம், ஹீட் பம்புக்குக் கீழேயிருந்து 15ம் போகும். குளிர்ந்த தண்ணீரைக் காய்ச்சும்போதுதான் இந்த மெஷின் நன்றாக வேலை செய்யும். பழைய ஹோட்டல்களில் குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் வர வேண்டும் என்பதற்காக ஒரு சின்னப் பம்ப் வைத்து இரவும் பகலும் தண்ணீரைச் சுற்ற விட்டிருப்பார்கள். அந்தச் சுற்றுக் குழாய் காப்பு இல்லாத ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தால், வராந்தா நீளத்துக்குச் சும்மா குளிரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து தாங்கியின் நடுவில் விழுந்து அடுக்கையும் கலைத்துவிடும். டீசல் காலத்தில் இந்த நஷ்டம் புகையோடு புகையாக மறைந்திருந்தது. ஹீட் பம்ப் வாங்குவதற்கு முன் அந்தப் பைப்புக்குக் காப்பு உறை போடச் சொல்வேன், பம்புக்கு ஒரு டைமரும். சிறிய செலவு, ஆனால் பைப் வேலை செய்யும் பாஸ்மாருக்கு இதில் ஆர்வம் குறைவு, நீங்கள்தான் நிற்க வேண்டும்.

55 பாகையோடு நிறுத்தினால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வராதா என்று விபரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அது பெருகுவது 20க்கும் 45க்கும் இடையில். வாரத்துக்கு ஒரு தடவையாவது தாங்கி முழுவதையும் 60க்கு மேல் ஏற்றி வைக்கும் வசதி மெஷினிலேயே இருக்கும், அதை நிறுத்திவிடாதீர்கள். ஆள் வராத அறைகளின் குழாய்களையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். சுண்ணாம்பு படிவது பற்றி யாழ்ப்பாணத்தார் கவலைப்படட்டும், மலையக ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர்தான்.

பெரிய தாங்கியின் இன்னொரு பலன் கரண்ட் பில்லில் தெரியும். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் பெரிய ஹோட்டல் இணைப்புகளில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், விலை அதிகம். இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை விலை குறைவு. விருந்தாளிகள் ஊர் சுற்றிவிட்டு வந்து குளிப்பது சரியாக உச்ச நேரத்தில். தாங்கி முழுதாக இருந்தால் அந்த நாலு மணித்தியாலமும் மெஷினை நிறுத்தியே வைக்கலாம். மிச்ச நேரத்தில் எப்போது ஓட்டுவது? கரண்ட் மலிவான நேரம் இரவு, ஆனால் காற்று சூடாக இருக்கும் நேரம் பிற்பகல். இரவில் 8 பாகையிலும் பகலில் 19 பாகையிலும் ஓட்டுவதற்கு நூற்றுக்கு இருபது வரை வித்தியாசம் வரும், உறைபனி நாட்களில் பனியை உருக்கும் வேலை இதற்கு மேல். இரண்டு கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் இரவில் ஓட்டுங்கள், இல்லையென்றால் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மாலை ஐந்து வரை. என்னைக் கேட்டால் ஜனவரி, பெப்ரவரியில் பகலுக்குத்தான் கை தூக்குவேன்.

மெஷினை வைக்கும் இடத்தில் ஒரு பொதுவான தப்பு நடக்கிறது. பொயிலர் அறை காலியாகத்தானே இருக்கிறது என்று ஹீட் பம்பையும் அதற்குள்ளேயே வைத்துவிடுவது. அது தான் கக்கும் குளிர்ந்த காற்றையே மறுபடி இழுக்கும், வெளியே 16 பாகை இருக்கும்போது அறைக்குள் 6 பாகை. திறந்த வெளியில், கூரை இறக்கத்துக்குக் கீழே, விருந்தாளிகள் தூங்கும் ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். சமையல்கட்டு அல்லது லாண்டரியின் சூடான காற்று வெளியேறும் பக்கம் என்றால் இன்னும் நல்லது, எண்ணெய்ப் புகை நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை யாரும் மறக்கவில்லை. இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. ஜெனரேட்டரில் ஒரு லீற்றர் டீசல் ஊற்றினால் 3 யூனிட் கரண்ட் வரும், அதில் ஹீட் பம்பை ஓட்டினால் 9 யூனிட் சூடு. அதே ஒரு லீற்றரைப் பழைய பொயிலரில் எரித்தால் 7.5 யூனிட்தான். அதாவது டீசலை எரித்தே ஆக வேண்டும் என்றாலும்கூட ஜெனரேட்டர் வழியாக எரிப்பதுதான் லாபம். மெதுவாக வேகம் பிடிக்கும் இன்வேர்ட்டர் கம்பிரசர் உள்ள மெஷினாக எடுங்கள், பழைய வகை ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் இழுவையில் சின்ன ஜெனரேட்டர் மூச்சுத் திணறும். விருந்தாளிகள் குவியும் ஏப்ரல் சீசனுக்குப் பயமாக இருந்தால் பழைய பொயிலரை ஒரு வருஷத்துக்குக் கழற்றாமல் பக்கத்திலேயே வைத்திருப்பதிலும் தப்பில்லை.

எல்லா இடத்துக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். நீராவி வேண்டிய லாண்டரிக்கும் ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கிருமி நீக்கும் வேலைக்கும் இந்த வகை மெஷின் உதவாது. தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபெக்டரியில், கொழுந்தைக் காய வைக்கும் டிரையருக்கு 90 பாகைக்கு மேல் சூடான காற்று வேண்டும், அங்கே விறகுதான் இன்னும் ராஜா. கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு வேண்டிய 30 பாகை அளவிலான காற்று மட்டும் ஹீட் பம்பின் கைக்கு எட்டும். லயத்து வீடுகளுக்கு இதைச் சிபாரிசு செய்வது கேலிக்கூத்து, அங்கே பிரச்சினை பொயிலரே அல்ல.

புகை குறையுமா என்றால், ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவில் கார்பன் டையொக்சைட். நம்முடைய ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கு 16.7 கிலோ. நாட்டின் கரண்ட் முழுக்க நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலிருந்து வந்தால்கூட, யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்து, 15.5 கிலோ. அவ்வளவு மோசமான நிலையிலேயே சமம். மழை பெய்து காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி லக்சபானா நீர்மின் நிலையங்கள் ஓடும் மாதங்களில் இது எவ்வளவோ இறங்கிவிடும். நீர் வற்றி, நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியாக் கோவில் வெளியே தெரியும் மாதங்களில் அந்த லாபம் குறையும், அந்த வறட்சியின் கடைசியில்தான் ஏப்ரல் சீசனும் வருகிறது.

வாங்கும்போது விபரத் தாளில் 20 பாகைக் காற்றுக்குப் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். காற்று 7, தண்ணீர் 55 என்ற நிலைமையில் எத்தனை கிலோவாட், கரண்டைப்போல எத்தனை மடங்கு சூடு என்று கேளுங்கள், 'A7/W55' என்று எழுதியிருக்கும். அதற்கும் முன்னால், பொயிலருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் பைப்பில் ஒரு தண்ணீர் மீற்றரை மாட்டி, வீடு நிறைந்திருக்கும் ஒரு மாதத்துக்கு விடிய நாலுக்கும் ஒன்பதுக்கும், மாலை ஆறுக்கும் பத்துக்கும் மீற்றர் காட்டும் எண்ணை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். தாங்கியின் அளவு அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்காமல் மெஷின் விலையை மட்டும் சொல்லும் ஆளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.